உன் அப்பா படுத்துப் பார்த்த கட்டில்

கண்ணு,

நிச்சயதார்த்தத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது நீ என் காதோரம் குனிந்து ஒன்று சொன்னாய். "அம்மா, செல்விக்கு ஒரு கஷ்டமும் தெரியாம பாத்துக்குவேன். ஃபேக்டரியில என்னா நடந்தாலும் வாசல்லியே விட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன்." நான் தலையாட்டினேன். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறென்ன செய்ய முடியும்? ஆனால் ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து உறுத்துகிறது. நீ நல்ல மனசோடுதான் சொன்னாய். அதே நல்ல மனசோடு உன் அப்பாவும் நானும் ஒருவரிடம் ஒருவர் மறைத்து, என் இரண்டு கால்களையும் இழக்கப் பார்த்தோம். அதை உனக்கு நாங்கள் முழுசாகச் சொன்னதில்லை. அப்பா சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவரும் இருந்திருப்பார். இப்போது அவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷங்கள் அவை. வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சண்டை முடிந்தபின் ஏலம் விட்ட பட்டாளத்து லாரி ஒன்றை உன் அப்பா வாங்கி, கிருஷ்ணகிரியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து அதன்மேல் மரத்தில் கூடு கட்டியிருந்தார். பெங்களூரில் பித்தளை, அலுமினியப் பாத்திரம் எடுத்து வந்து சந்தை சந்தையாக விற்பது அவர் தொழில். போச்சம்பள்ளி, கல்லாவி, சாமல்பட்டி, ராயக்கோட்டை, சூளகிரி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். வண்டிக்குள்ளேயே ஒரு கட்டில், ஒரு கெரசின் ஸ்டவ், சுவரில் தட்டுகள், கூரைமேல் ஒரு தண்ணீர் டிரம். கல்யாணமான புதிதில் நானும் கூடவே போவேன். அடுத்த சந்தைக்குப் போகிற வழியில் ஏதாவது ஏரிக்கரையில் நிறுத்திச் சோறு ஆக்குவோம். ஊர் ஊராக எங்களுக்கு 'வீட்டு வண்டிக்காரங்க' என்றே பேர். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது.

அண்டா தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்தோம். எண்ணெய் போட்டு நீவினோம், ஒத்தடம் கொடுத்தோம். நடக்கும்போது கால் பின்ன ஆரம்பித்த பிறகுதான் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகெலும்பில் காசம் என்றார்கள். நுரையீரலுக்குத்தான் அது வரும் என்று நான் நினைத்திருந்தேன். எலும்பையும் அரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை மாவுக்கட்டில் அச்சுப்போல் வார்த்து, அதற்குள் என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். "பலகை மாதிரி இருக்கணும். எலும்பு அசஞ்சா காலுக்குப் போற நரம்பு நசுங்கும்" என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, வருஷக் கணக்கில் என்றார். ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகப் படுக்கை காலியில்லை. ஊசியைப் பக்கத்து ஊர் டாக்டரிடம் போட்டுக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்ட வரவேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

வண்டியிலேயே ஊர் திரும்பினோம். கட்டில் பின்கோடியில் குறுக்காகக் கிடந்தது. என்னைக் கயிறு போட்டுக் கட்டிலோடு கட்டியிருந்தார். கூரைமேல் புதிதாக எடுத்த பித்தளைச் சரக்கு. ஓசூர் தாண்டி, சூளகிரி தாண்டி, மேலுமலைச் சரிவில் இறங்கும்போது எதிரே ஒரு கட்டைவண்டியின் மாடு மிரண்டு நடுரோட்டுக்கு வந்தது. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். மாடு தப்பியது. எங்கள் வண்டி இடதுபக்கம் சாய்ந்தது, பிறகு வலதுபக்கம், மறுபடி இடதுபக்கம். ரோடு நேரான பிறகும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. கூரையில் குடங்கள் உருண்ட சத்தமும் டிரம்மில் தண்ணீர் அடித்த சத்தமும் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. சரிவின் அடியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். என் பாதத்தைப் பிடித்தார். "தெரியுதா புள்ள?" என்றார். அவர் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். தொடுவது தெரியவில்லை. "தெரியல மாமா" என்றேன். வண்டியை அங்கிருந்த புளியமரத்தடிக்கு நகர்த்தி, என் காலைத் தேய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி திரும்ப வந்தது. அதைச் சொன்னபோது உன் அப்பா எழுந்து போய் வண்டிக்கு அந்தாண்ட நின்றுகொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

என்னைக் கல்லாவியில் உன் மாமா வீட்டில் விடுவதென்று அவரே முடிவு செய்தார். அண்ணன் மறுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். அண்ணிக்குத்தான் பயம். இந்த வியாதி ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொன்னாலும் அவள் நம்பவில்லை. கைக்குழந்தை வைத்திருந்தவள், அவளைக் குறை சொல்லமாட்டேன். எனக்குத் தனித்தட்டு, தனிச்சொம்பு. சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். எழுந்து எடுக்க முடியாதவளை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று சிரிப்பு வரும், பிறகு அழுகை வரும். யாராவது அந்தப் பக்கம் வருகிறவரை சோறு ஆறும். உன் அப்பா சந்தைக்கு நடுவே வந்து பார்த்துவிட்டுப் போவார். இடையில் ஒருமுறை சரக்கெடுக்கப் பெங்களூர் போய் டாக்டரையும் பார்த்து வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் போவுதாம்" என்றார். நானும் அவரிடம் வாசற்படிச் சோற்றைப் பற்றிச் சொல்லவில்லை. "அண்ணி நல்லா பாத்துக்குது" என்றேன். பார், எவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டோம்!

ஒருநாள் அவர் கிளம்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. "என்னையும் வண்டியில ஏத்திக்கிங்க மாமா" என்றேன்.

"உனக்கு என்னா பைத்தியமா? அந்த ஆட்டம் மறந்துபோச்சா? கால் போயிட்டா என்னா பண்றது?"

"இங்க இருந்தா கால் மட்டும்தான் மிச்சமாவும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, களத்துமேட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் வந்து சொன்னார்: "மாப்ள யாவாரத்துக்குப் போகல. வண்டிக்கு அடியில பூந்துக்கிட்டு என்னமோ பாக்கறாரு."

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். அப்பாவுக்கு நாராயணப்பா என்று ஒரு சிநேகிதர், லாரி டிரைவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரை வரவழைத்தார். "நீ ஓட்டு. நான் படுத்துப் பாக்கறேன்" என்று சொல்லி, என்னைக் கட்டியிருந்த அதே கட்டிலில் மல்லாக்கப் படுத்து, அதே கயிற்றால் தன்னைக் கட்டச் சொன்னார். தலையைத் திருப்பக் கூடாதென்று இரண்டு பக்கமும் நெல்மூட்டையைச் செருகிக்கொண்டார். சாமல்பட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வந்ததும் நாராயணப்பா பின்கதவைத் திறந்து, "ஏமய்யா, பதிகே உன்னாவா?" என்று, உயிரோடு இருக்கிறாயா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தது என் அறைக்குக் கேட்டது. அப்பா இறங்கி வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இதுலயா புள்ள உன்னப் பெங்களூர்ல இருந்து கூட்டியாந்தேன்? மேலுமலைக்கு முன்னாடியும் இப்படித்தான் ஆடிச்சா?"

"ஆமா மாமா."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா வண்டிய நிறுத்திடுவீங்கன்னுதான்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வண்டியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று பேசுகிறவர். ஸ்டியரிங் பிடித்து முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பின்னால் படுத்திருக்கிறவள் படுவது தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

வேலை ஆரம்பமானது. முதலில் பாரத்தை மாற்றினார். கூரைமேல் இருந்த பித்தளை முழுவதும் கீழே இறங்கியது. கனமானதெல்லாம் தரையில், இரண்டு அச்சுக்கும் நடுவில். இலேசான அலுமினியம் மட்டும் தட்டில். கூரை டிரம்மை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னத் தகர டின்களில் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி மூலையில் அடுக்கினார். பாதி நிரம்பின டிரம்தான் வண்டி நிமிர்ந்த பிறகும் மறுபடி சாய்க்கிறது என்று அவர் படுத்திருந்தபோது கண்டுபிடித்தாராம். கட்டிலைப் பின்கோடியிலிருந்து பெயர்த்து, வண்டியின் நடுவில் நீளவாக்கில், தரையோடு தரையாகப் போட்டார். சக்கரத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இடம்தான் அதிகம் தூக்கிப்போடும், அதிகம் வீசும். நடுவில் பாதிகூட இருக்காது. நான்கு டயருக்கும் காற்றைப் பார்த்தார். இடதுபக்கத்துப் பின் டயர் எப்போதும் தளர்ந்தே இருந்திருக்கிறது.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நுழைந்தார். வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, ஃபேக்டரியில் இதையெல்லாம் பார்க்கிற உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதில் இடதுபக்கம் ஒரு பட்டை ஒடிந்து கிடந்தது. பட்டைகளை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தது. பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தில் கோக்கிற இடத்துப் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், தேய்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. "பாத்திர யாவாரி வண்டியில பித்தளைக்குப் பஞ்சம்" என்று நாராயணப்பா கேலி செய்தார். கிருஷ்ணகிரியில் கடைசல் பிடித்துப் புதுப் புஷ் போட்டார்கள். ஒடிந்த பட்டையை மாற்றினார்கள். அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பாவுக்கு ஆவேசம். இரண்டு பக்கமும் கூடுதலாக இரண்டிரண்டு பட்டை சேர்த்து அடுக்கிவிட்டார். நாராயணப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி நிக்குது" என்றார். அப்பா மறுபடி படுத்துப் பார்க்கவில்லை. அது ஒரு தப்பு. அடுத்த தப்பு என்னுடையது.

போச்சம்பள்ளிச் சந்தைக்கு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி சாயவேயில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு குழியும், நேராக என் முதுகெலும்பில் வந்து இடித்தது. முன்பு ஆட்டத்தில் தலை சுற்றும். இப்போது ஒவ்வொரு இடிக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. முன்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக அவர் கேட்டார்: "எப்படி இருக்குது புள்ள?" குரலில் அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு, மண்ணில் புரண்டு, எனக்காகச் செய்தது. எப்படிச் சொல்வேன்? "தொட்டில் மாதிரி இருக்குது மாமா" என்றேன். துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். இடது கால் கட்டைவிரல் வழியிலேயே மரத்துப்போனது. அதையும் சொல்லவில்லை. சொன்னால் கல்லாவிக்கே திரும்பிவிடுவார் என்ற பயம்.

சந்தையில் வண்டியை நிறுத்தி, கடை விரிப்பதற்கு முன் எனக்கு முகம் துடைத்துவிட வந்தார். அந்த வேலைகளெல்லாம் அவர்தான் செய்தார். துடைப்பது, துணி மாற்றுவது, மலம் எடுப்பது எல்லாமே. ஆம்பிளை இதைச் செய்வானா என்று சந்தையில் சிரித்தவர்கள் உண்டு. அவர் காதில் வாங்கியதில்லை. அன்று துண்டை எடுத்தவர் அதில் இரத்தத்தைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார்.

"தொட்டில் மாதிரி இருந்துதா?"

நான் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டேன்.

"வண்டிக்கு வாயில்ல. அது சொல்லாது. உனக்கு இருக்குதில்ல? நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்! வேற எங்க? காலு? காலு தெரியுதா, இல்லியா?" கத்தினார். பக்கத்தில் காய் விரித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடது கட்டைவிரல் காலையில இருந்து இல்ல" என்றேன்.

அப்படியே தரையில், பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் உண்மையில் சொன்னதை அப்போதுதான் சொன்னார். இன்னொரு தடவை கால் மரத்துப்போனால் உணர்ச்சி திரும்ப வருமென்று நம்ப முடியாது, நிரந்தரமாகவே போய்விடலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். "நீ பயந்துக்குவன்னு சொல்லல புள்ள" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது பார், கண்ணு, அந்த மாதிரிக் கோபம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. "அது தெரிஞ்சிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு வந்திருப்பேனா? என் காலு மாமா அது! என் காலைப் பத்தி எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியணும்?" என்று நானும் கத்தினேன். மல்லாக்கப் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, சந்தையே கேட்கிற மாதிரி. வாசற்படிச் சோற்றையும் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் சொன்னேன். அவரும் சொன்னார். என்னைத் தூக்கித் திருப்பும்போதெல்லாம் எலும்பு அசைந்துவிடுமோ என்று பயப்படுவது, தூங்கும்போது நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பது, எல்லாம். பக்கத்துக் காய்க்கார அம்மா ஒருத்தி கதவருகே வந்து, "சண்டைய அப்புறம் வெச்சிக்குங்க. அந்தப் பொண்ணு காலைக் கொஞ்சம் தேய்ச்சு வுடுய்யா" என்று அதட்டினாள். அப்பா தேய்த்தார். சாயங்காலத்துக்குள் விரல் திரும்பியது. அன்று கடை விரிக்கவேயில்லை.

அண்ணன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று, எல்லாம் தெரிந்தே சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் வேறு மாதிரிப் போனோம். ஒரு பர்லாங்கு ஓட்டுவார், நிறுத்துவார், வந்து கேட்பார். "சாயறப்பவா, குதிக்கறப்பவா? எந்தாண்ட? மேலயா, கீழயா?" நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கூடுதல் பட்டையில் பக்கத்துக்கு ஒன்றை எடுத்தார். குதிப்பு குறைந்தது, சாய்வு கொஞ்சம் வந்தது. இன்னொன்றையும் எடுத்தார். குதிப்பு போயேபோனது, வளைவுகளில் பழைய ஆட்டம் எட்டிப்பார்த்தது. இரும்பைக் கூட்டினால் இடிக்கிறது, குறைத்தால் ஆடுகிறது. மேலுமலை வழியாகத்தான் பெங்களூர் போகவேண்டும், டாக்டரிடம் காட்டுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடுகிறபோதும் தட்டில் விரலால் பட்டை வரைந்துகொண்டிருப்பார்.

வழி என்னிடமிருந்து வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, முதுகு சொன்னது. மாவுக்கட்டு கட்டிலில் நகராமல் இருக்க, இரண்டு பக்கமும் பழம்புடவையைச் சுருட்டி இறுகச் செருகியிருந்தார். இறுக்கமாக இருந்ததால் கட்டில் அதிர்வதெல்லாம் புடவை வழியாக எனக்கு வந்தது. "ஒட்டிச் செருவாதீங்க. ஒரு விரல் இடம் விடுங்க. நேராப் போறப்ப என்னைத் தொடக் கூடாது. சாஞ்சா மட்டும் புடிச்சுக்கணும்" என்றேன். அப்படிச் செய்தார். நன்றாக இருந்தது. அன்று வண்டிக்கு அடியில் அவர் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கேட்டேன்: "மாமா, எனக்கு வெச்ச மாதிரி வண்டிக்கும் வெக்க முடியாதா?"

கீழே கிரீஸ் டப்பாவைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பழைய லாரி டயரை வெட்டி, அடுக்கித் தைத்து, ரப்பர் கட்டைகள் செய்தார். ஒவ்வொரு பட்டை அடுக்குக்கும் மேலே, வண்டிச் சட்டத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு முடுக்கினார். நேராகப் போகும்போது பட்டை மட்டும் மெத்தென்று வேலை செய்யும். வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை ரப்பரில் போய் முட்டும், அதற்குமேல் சாயவிடாது. ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. இடைவெளி குறைந்து இடித்தது, வெட்டினார். அதிகமாகி ஆடியது, ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர் படுத்தார், நாராயணப்பா ஓட்டினார். பிறகுதான் நான்.

பெங்களூர் போனோம். ஏறும்போது ஒன்றுமில்லை. திரும்பி வருகையில் அதே மேலுமலைச் சரிவில், வளைவில் ஒரு பஸ் எங்கள் பக்கமாக ஏறி வந்தது. அப்பா ஒடித்தார். வண்டி சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கோ கீழே மெத்தென்று முட்டுகிற மாதிரி இருந்தது, நின்றது, நிமிர்ந்தது. மறுபக்கம் போகவில்லை. முன்னாலிருந்து கூவினார்: "சொல்லு!"

"சாஞ்சுது. நின்னுடுச்சு."

"முதுகு?"

"வலிக்குது. பழைய வலிதான், புதுசு இல்ல."

"காலு?"

"ரெண்டும் இருக்குது மாமா."

அவர் நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டே போனார். அதுதான் எனக்குப் பிடித்தது. நான் சொன்னதை நம்பினார்.

அப்படியே சந்தை சந்தையாக, ஊசியும் மாவுக்கட்டுமாக, ஒன்றரை வருஷத்துக்குமேல் அந்த வண்டியில் படுத்திருந்தேன். கடைசியில் டாக்டர் கட்டைப் பிரித்து, படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்றார். எங்கே படுக்கை என்று கேட்டார். லாரியில் என்று அப்பா சொன்னதும், "நான் யாருக்கும் இந்த வைத்தியம் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லித் தொலைக்காதீங்க" என்று திட்டினார். எழுந்து நிற்க எனக்கு மேலும் பல மாதம் ஆனது. பாத்திரத் தட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே நடக்கப் பழகினேன். முதன்முதலாக முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாளில், கட்டைவண்டிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அவ்வளவு மெதுவாக ஓட்டினார். "மாமா, இப்படிப் போனா பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை எனக்குத் தெரியும்படிதான் துடைத்தார்.

நீ வயிற்றில் வந்ததும் வண்டியை விற்றுவிட்டுக் கிருஷ்ணகிரியில் கடை போட்டோம். உன் அப்பா நல்லவர், ஆனால் கோபக்காரர். நான் பிடிவாதக்காரி. அதற்குப் பிறகும் எத்தனையோ சண்டை போட்டோம், நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் ஒளித்ததில்லை. அவருக்கு நெஞ்சில் முதல் வலி வந்தபோது என்னைத்தான் எழுப்பினார். அதனால்தான் மேலும் சில வருஷம் அவர் நம்மோடு இருந்தார்.

அதனால் சொல்கிறேன், கண்ணு. ஃபேக்டரிக் கவலையை வாசலில் கழற்றி வைக்காதே. அது செருப்பு இல்லை. உள்ளே கொண்டுவா, செல்வியிடம் சொல். அவள் சின்னப் பெண், தாங்கமாட்டாள் என்று நினைக்காதே. நானும் சின்னப் பெண்ணாகத்தான் இருந்தேன். அவள் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள். கேட்டபின் அவள் சொல்வதை நம்பு. அவள் படுகிறது உனக்குப் புரியவில்லை என்றால், அவள் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நீ இருந்து பார். ஒருநாள் முழுக்க அடுப்படியில் நின்று பார், தெரியும்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு நான் மட்டும் பழைய மாதிரி இருக்கக் கூடாது. போன மாதம் நீ வந்தபோது உடம்பு எப்படி என்று கேட்டாய், எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய். இந்த மழைக்காலத்திலிருந்து முதுகு வலிக்கிறது. நடுவில் இல்லை, இடுப்புக்கு மேலே, வலதுபக்கம். குனிந்து நிமிரும்போது அதிகம். கால் இரண்டும் நன்றாக இருக்கிறது, அதை நினைத்துப் பயப்படாதே. ஆனால் முகூர்த்தம் முடியும்வரை மணமேடையில் என்னால் நிற்க முடியாது. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். முதுகு சாய்கிற நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொல்.

அம்மா